பண்பாட்டின் மேல் போடும் பழி

ஜப்பானிய மாணவர்களுக்குத் தொழில் தொடங்கும் துணிச்சல் கிடையாது, அமெரிக்க மாணவர்களுக்கு அது ரத்தத்திலேயே ஊறியது என்பது மேலாண்மை வகுப்புகளில் தேய்ந்த பாடம். இதற்கு ஆதாரமாக நீட்டப்படுவது நெதர்லாந்து அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டீடின் பண்பாட்டு அளவுகோல். நிச்சயமில்லாததைக் கண்டு ஒதுங்கும் குணத்தில் அமெரிக்காவுக்கு 46, ஜப்பானுக்கு 92. அந்த எண்கள், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய படிவங்களிலிருந்து பிறந்தவை. மாதச் சம்பளக்காரர்கள் அன்று சொன்னதை வைத்து இன்றைய மாணவரின் மனத்தை எடைபோடுவது, தாத்தாவின் சட்டையை வைத்துப் பேரனுக்கு அளவெடுக்கும் வேலை. அதே அளவுகோலில் 112 வாங்கிய கிரீஸில்தான் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே சுயதொழில் செய்வோரின் விகிதம் மிக அதிகமான நாடுகளுள் ஒன்றைக் காண்கிறோம். வேறு வேலை கிடைக்காமல் கடை போட்டவர்கள்தானே அவர்கள் என்று மறுப்பார்கள். இருக்கட்டும், அப்படியானால் அவர்களை நடத்தியது குணமல்ல, நிலைமை.

சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் பல்கலைக்கழகம் தொடங்கிய பன்னாட்டு மாணவர் ஆய்வும் இதையே காட்டுகிறது. 2018இல் 54 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பதிலளித்தார்கள். படித்து முடித்த கையோடு தொழில் தொடங்குவோம் என்றவர்கள் 9 சதவீதம். ஐந்தாண்டு கழித்து என்றவர்கள் 35 சதவீதத்தை நெருங்கினார்கள். ஐந்தே ஆண்டில் யாருடைய பண்பாடும் மாறிவிடாது. கையில் கொஞ்சம் சேமிப்பும், தொழிலில் நாலு பேர் பழக்கமும் சேரட்டும் என்ற கணக்கு அது.

ஜப்பானிய மாணவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார். அவருக்குத் தோல்வியின் விலை கூடுதல். பெரிய நிறுவனங்கள் படிப்பை முடிக்கவிருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கின்றன. கறுப்பு கோட்டு சூட்டில் வரிசையில் நிற்கும் அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அதே கதவு மீண்டும் எளிதில் திறக்காது. சிறு நிறுவனத்துக்குக் கடன் கேட்டால், முதலாளியே தன் சொத்தைக் காட்டி ஜாமீன் நிற்க வேண்டும் என்பது வங்கிகளின் நெடுநாள் வழக்கம். தொழில் முழுகினால் வீடும் முழுகும்.

குறைந்தபட்ச முதலீடு 1 கோடி யென் என்ற விதியை 2006இல் நீக்கி, ஒரு யென்னிலும் நிறுவனம் தொடங்கலாம் என்றார்களே, அப்புறமும் ஏன் தயக்கம் என்று கேட்கலாம். உள்ளே நுழையும் வாசலை அகலப்படுத்தினார்கள். தோற்றவர் வெளியேறும் வழி இடுக்காகவே இருந்தது. தோல்வியை அவமானமாகப் பார்ப்பது பண்பாடு இல்லையா என்றால், ஆம், அதற்கும் பங்குண்டு. திவாலைக் குறிக்கும் 'மஞ்சள் கடிதாசி' என்ற சொல்லை நாமே குரலைத் தாழ்த்தித்தானே சொல்கிறோம்! ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்வரை அந்த அவமானத்தை எந்த வகுப்பாலும் கரைக்க முடியாது. தோற்றவருக்கு வேலைக் கதவு மீண்டும் திறக்க ஒரு வழி இருக்கிறது: பட்டம் பெற்று மூன்றாண்டு வரை ஒருவரைப் புதுப் பட்டதாரியாகவே கருதுமாறு 2010இல் ஜப்பான் அரசு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. துணிச்சலைக் கற்பிக்கும் பாடத்திட்டங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கட்டாயமற்ற அந்த வேண்டுகோளை முதலில் சட்டமாக்கட்டும்.