விதையே காவல்

ஆந்திர மாநிலத்தின் மதனப்பள்ளி, தக்காளிச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். 2022 ஆம் ஆண்டு வரை இவ்வூர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இங்கிருந்து தமிழகத்திற்கும் பிற மாநிலங்களுக்கும் தக்காளி செல்கிறது. சந்தையில் விலை ஏறினும் இறங்கினும், வயலில் உழவரை வருத்தும் பகை ஒன்று உண்டு. அதுவே பயிர்நோய்.

தக்காளியைத் தாக்கும் நோய்களுள் மூன்று கொடியவை. இலைச்சுருட்டை நோய் நச்சுயிரியால் வருவது. அதனை வெள்ளை ஈ பரப்புகிறது. வாடல் நோய் மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வருவது. இலைகளில் வளையம் வளையமாகப் புள்ளிகள் தோன்றும் இலைக்கருகல் நோய் பூஞ்சையால் வருவது. நச்சுயிரி புகுந்த செடியை எம்மருந்தும் மீட்காது. எனவே, உழவர் வெள்ளை ஈயைக் கொல்ல மீண்டும் மீண்டும் பூச்சிமருந்து தெளிக்கின்றனர். செலவு பெருகுகிறது, மண்ணும் நீரும் கெடுகின்றன.

இதற்கு மாற்று வழி விதையிலேயே உள்ளது. பெங்களூருக்கு அருகில் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1967 இல் தொடங்கப்பட்டது. அது ‘அர்க்கா ரக்ஷக்’ என்னும் கலப்பினத் தக்காளியை உருவாக்கியது. ‘ரக்ஷக்’ என்றால் காப்பவன் என்பது பொருள். இம்மூன்று நோய்களையும் தாங்கும் ஆற்றல் இந்த ஒரே செடியில் அமைந்துள்ளது. இதன் பழம் 90 முதல் 100 கிராம் எடையுடையது. கெட்டியாக இருப்பதால் நெடுந்தொலைவுப் பயணத்தையும் தாங்கும்.

“கலப்பின விதையை ஒவ்வொரு பருவமும் விலை கொடுத்து வாங்க வேண்டுமே” என்று சிலர் தயங்குவர். அத்தயக்கம் நியாயமானதே. இப்பழத்தின் விதையை எடுத்து விதைத்தால், எல்லாச் செடிகளிலும் அதே பண்புகள் அமையா. ஆயினும், நோயால் வயல் முழுவதும் அழியும் இழப்போடு ஒப்பிட்டால் விதைச் செலவு சிறிதே. உழவரே விதை எடுத்துப் பயன்படுத்தத்தக்க நோய் தாங்கும் இரகங்களையும் அரசு நிறுவனங்கள் மிகுதியாக உருவாக்குதல் வேண்டும்.

நல்ல விதை மட்டும் போதாது. ஒரே இரகத்தையே எங்கும் எப்போதும் பயிரிட்டால், நோய்க்கிருமிகள் மாறுதலடைந்து அதனையும் வெல்லக்கூடும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பப் பயிர்கள். ஆதலால், தக்காளி விளைந்த நிலத்தில் அடுத்துக் கேழ்வரகோ சோளமோ விதைப்பது நன்று.

நோய் வந்தபின் வருந்துவதினும் வருமுன் காப்பதே அறிவுடைமை. அறிவியல் விதையைத் தரும். அதன் ஆற்றலைக் காப்பது உழவரின் கையிலேயே உள்ளது.