காபிக்குப் பெயர்போன தீவு

"யானைகள், கண்டி நடனம், மலைக்காபி: ஐந்து நாள் இலங்கை." காஞ்சிபுரம் பேருந்து நிலையம் அருகே ஒரு டிராவல்ஸ் கடையில் பார்த்த விளம்பரம் இது. சேமிப்பைத் திரட்டிப் போய் வந்தேன். யானைகளைப் பார்த்தேன், அழகுதான். காபி பற்றி வழிகாட்டி சொன்னது ஒரே வரி: "வெள்ளைக்காரன் நட்டான்."

நட்டது யார்? 1820களிலிருந்து தமிழகக் கிராமங்களில் இருந்து கங்காணிகள் கூட்டிப்போன நம் ஆட்கள். பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். தோணியில் தலைமன்னார், அங்கிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடை. சுமார் 250 கிலோமீட்டர். காலராவும் அம்மையும் தாகமும் வழியெல்லாம் ஆட்களைத் தின்றன. 1869இல் இலைத்துரு நோய் வந்து காபி அழியத் தொடங்கியது. பிறகு அதே மலையில், அதே கைகள் தேயிலை நட்டன.

அங்கே எனக்குப் புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. தோட்டத்தில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. கூலியின் கடன் தொகையை எழுதிய சீட்டு. அதை அடைத்தால்தான் வேறு தோட்டம் போகலாம். அடுத்த துரை அடைத்தால் கடன் அவரிடம் மாறும், ஆள் கடனிலேயே இருப்பார். 1921இல் அதை ஒழித்தார்கள். நம்மூரில் இதற்குப் பெயர் முன்பணம். தறியிலும் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் குடும்பங்களோடுதான் என் வேலை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. மனு எழுதும்போது அந்த ஆண்டைத் தவறாமல் குறிப்பிடுகிறோம், அவ்வளவுதான்!

சாதியும் அதே தோணியில்தான் போனது. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதி அடுக்கில் மேலே இருந்தவர்கள். கூலிக்காரர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒற்றை அறை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான் பறித்தார்கள்.

ஈழம் என்றால் கண்ணீர் விடும் நம் மேடைகளில் மலையகம் பற்றிப் பேச்சு வருவது அபூர்வம். வந்தாலும் 'தமிழன்' என்ற சொல்லோடு நின்றுவிடும். கூலியாகப் போனவன் ஏன் சேரியிலிருந்தே போனான் என்று கேட்டால் மேடைக்குச் சங்கடம்.

இலங்கைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், யானையும் பாருங்கள். கம்பளை பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில், லய அறைகளிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பயணத் திட்டத்தில் அதைச் சேர்க்கச் சொல்லி டிராவல்ஸ்காரரிடம் கேளுங்கள். நான் கேட்டேன். "அங்க பாக்க என்னம்மா இருக்கு?" என்றார்.