அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்

'சும்மா' என்கிற வார்த்தைக்குத் தமிழில் இருக்கிற சௌகரியம் வேறெந்த வார்த்தைக்கும் கிடையாது. ஆபீஸில் பக்கத்து சீட் பெண்ணோடு ஒரே வாரத்தில் நாலாவது தடவை காபி சாப்பிடுகிறவனைக் கேட்டுப் பாருங்கள். 'சும்மாதான் சார்' என்பான். ஆறு மாதம் கழித்து அதே ஆசாமி நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்து நிற்பான். 'என்னப்பா, சும்மான்னியே?' என்று யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறோம்.

இந்தச் 'சும்மா' எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்கிறதா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. பதிலுக்கு அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ வரை போய் வரவேண்டும். டிக்கெட் என் செலவு.

'உலகின் மிகப் பெரிய சின்ன ஊர்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு, மெயின் ரோட்டில் வளைவு கட்டி விளக்குப் போட்டு எழுதி வைத்திருக்கும் ஊர் ரீனோ. (பட்டம் சூட்டிக்கொள்வதில் நம் ஆட்கள் இன்னும் சீனியர்கள்.) 1960-ல் ஜனத்தொகை 51 ஆயிரத்துச் சொச்சம். பிழைப்பு இரண்டு: சூதாட்டம், டைவர்ஸ். இரண்டுக்கும் 1931 மார்ச்சில் சட்டம் போட்டு வழி செய்தார்கள். நெவாடாவில் ஆறு வாரம் தங்கினால் போதும், நீங்களும் உள்ளூர் ஆசாமி. கோர்ட்டில் போய் டைவர்ஸ் கேட்கலாம். நியூயார்க்கிலோ 1966-ல் சட்டத்தை மாற்றுகிற வரை, கணவனோ மனைவியோ சோரம் போனதை நிரூபித்தால்தான் டைவர்ஸ். ஆகவே வசதியுள்ள சீமாட்டிகள் ரயிலேறி ரீனோவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே ஊரைச் சுற்றிப் பண்ணை வீடுகள். 'ஆறு வாரமும் இந்த அம்மாள் இங்கேதான் இருந்தாள்' என்று சாட்சி சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். பல சமயம் பண்ணைக்காரரே வருவார். ரூம், சாப்பாடு, சாட்சி எல்லாம் சேர்த்து ஒரே பில்.

பழைய வாழ்க்கை முடியவில்லை, புதுசு ஆரம்பிக்கவில்லை, நடுவே ஆறு வாரம். 'சும்மா'வுக்கு இதைவிடத் தோதான ஊர் ஏது?

இந்த ஊரை வைத்து ஜேன் ரூல் என்ற எழுத்தாளர் 1964-ல் 'டெஸர்ட் ஆஃப் த ஹார்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். டோனா டீட்ச் என்ற பெண் டைரக்டர் 1985-ல் அதை 'டெஸர்ட் ஹார்ட்ஸ்' என்று படமாக்கினார். எந்தப் பெரிய ஸ்டூடியோவும் பின்னால் இல்லை. பலரிடம் பங்கு சேர்த்து, போதாமல் சொந்த வீட்டையும் விற்று எடுத்த படம்.

கதை நடப்பது 1959-ல். விவியன் பெல், கொலம்பியா யுனிவர்சிடியில் ஆங்கில புரொஃபசர். கழுத்து வரை பட்டன் போட்ட பெண்மணி. டைவர்ஸுக்காக ரயிலில் வந்து இறங்குகிறாள். பண்ணைக்காரி பிரான்ஸஸ் காரில் அழைத்துப் போகிறாள். எதிரே இன்னொரு கார். அதிலிருக்கும் பெண் இவர்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. அப்படியே பின்னோக்கி ஓட்டிக்கொண்டு, இவர்கள் வேகத்துக்குக் கூடவே வந்து பேசுகிறாள். பெயர் கே ரிவர்ஸ். அறிமுகமாவதும் ரிவர்ஸில்தான்!

கே, சூதாட்ட கிளப்பில் சில்லறை மாற்றிக் கொடுக்கிறவள். புரொஃபசரைவிட வயதில் சின்னவள். பெண்களோடு பழகியிருக்கிறாள், அதை ஒளித்து வைக்கிற சுபாவமில்லை. எதுவும் சீரியஸாகிவிடாமல் பார்த்துக்கொள்கிறவள். விவியனுக்கும் ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது. ஆக இரண்டு பேருக்குமே இது சும்மாதான். பிறகு டாஹோ ஏரிப் பக்கம் ஒரு மழை நாள். வெளியே நனைந்துகொண்டு கே, காருக்குள் விவியன், நடுவே இறங்கிய ஜன்னல். ஒரு முத்தம்.

விசில் அடிக்கக் காத்திருந்த வாலிபர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இதற்கடுத்துத்தான் முக்கியமான சமாசாரம். திரும்பி வந்தால் புரொஃபசரின் பெட்டி படுக்கையைக் கட்டி வைத்திருக்கிறாள் பிரான்ஸஸ். வெளியே போ! இத்தனைக்கும் அவள் கெட்டவள் இல்லை. கேயைத் தன் பெண் மாதிரி வளர்த்தவள். கல்யாணங்கள் உடைவதை வருஷம் பூராப் பார்த்து, அதிலேயே சம்பாதித்து, அதற்குச் சாட்சியும் சொல்கிறவளுக்கு, ஒரு முத்தம் பொறுக்கவில்லை.

சின்ன ஊரின் சூட்சுமம் இதுதான். அங்கே எதுவும் சும்மா நடக்காது. ஆணும் பெண்ணும் என்றால் ஊர் வாயை மூட ஒரு தாலி போதும். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. 'சும்மா' என்று சொல்லிக்கொள்வது விளையாட்டுப் புத்தியால் மட்டுமல்ல. வேறு எந்த வார்த்தையைச் சொன்னாலும் வீடு, வேலை இரண்டும் போய்விடும்.

நாவலுக்கே அந்தக் கதி வர இருந்தது. பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். வெளிவந்தபோது ஜேன் ரூல் கனடாவில் யுனிவர்சிடி ஆசிரியை. அந்த நாட்டில் ஓரினச் சேர்க்கை 1969 வரை குற்றம். அவரை வேலையில் வைத்திருக்கலாமா என்று பேச்சு எழுந்தது. 'கொலைக் கதை எழுதுகிறவர் எல்லாம் கொலைகாரரா?' என்று வாதாடித்தான் சக ஆசிரியர்கள் காப்பாற்றினார்களாம். நல்ல மனசுதான். ஆனால் காதலைக் காப்பாற்றக் கொலையைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது பாருங்கள்!

அதற்கு முன்னால் இன்னும் மோசம். 1952-ல் வின் பேக்கர் என்ற புனைபெயரில் வந்த 'ஸ்பிரிங் ஃபயர்', இரண்டு கல்லூரிப் பெண்களின் கதை. லட்சக்கணக்கில் விற்றது. முடிவு சந்தோஷமாக இருந்தால் தபால் இலாகா புத்தகத்தைப் பறிமுதல் செய்துவிடும் என்று எடிட்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே கடைசியில் ஒருத்திக்குப் பைத்தியம் பிடித்தது. கதையின் க்ளைமாக்ஸைத் தபால்காரர் தீர்மானித்த காலம்.

டோனா டீட்ச் படத்தில் யாரும் சாகவில்லை, பைத்தியமாகவில்லை. டைவர்ஸ் கிடைத்துவிட்டது. நியூயார்க் ரயில் நிற்கிறது. கே வரமாட்டேன் என்கிறாள். விவியன் 'என்னோடு வாழ வா' என்று வசனம் பேசவில்லை. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் வா என்கிறாள், அவ்வளவுதான். கே ஏறிக்கொள்கிறாள். ரயில் நகர்கிறது. படம் முடிந்தது.

'ரீனோவில் நடந்தது நமக்கெதற்கு?' என்பவர்களுக்காக, நம் வேலூர் மாவட்டம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு. மேஜரான பெண் ஒருத்தியைப் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு பெண் போட்டது. குடியாத்தம் உட்பட மூன்று இடத்துப் போலீஸுக்கு முறையிட்டும் பலனில்லை. மனுவில் தன்னை அவள் குறிப்பிட்டுக்கொண்ட வார்த்தை, 'நெருங்கிய தோழி'. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அந்தத் தயக்கம் புரிகிறது என்று நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் தீர்ப்பிலேயே சொன்னார்கள். அடைபட்ட பெண்ணை அழைத்துக் கேட்டார்கள். தன்னை அடித்ததாகவும், 'சரியாக்க' ஏதேதோ சடங்குகள் செய்ததாகவும் சொன்னாள். தோழியோடுதான் போவேன் என்றாள். அவளுடைய தாயாரைச் சமாதானப்படுத்த எடுத்த முயற்சி மட்டும் பலிக்கவில்லை. அந்த அம்மாள் மனசும் புரிகிறது என்றார்கள். நம்மூர் பிரான்ஸஸ்!

இந்தியாவில் 2018-லேயே இது குற்றமில்லை என்றாகிவிட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினக் கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. சென்னைத் தீர்ப்பு அதற்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தது. குடும்பம் அமைத்துக்கொள்ளக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை. இஷ்டப்பட்டுச் சேர்ந்தவர்களும் குடும்பம்தான். பெண் தன் விருப்பப்படி போகலாம், பெற்றோர் தடுக்கக் கூடாது, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்பு தரவேண்டும்.

நமக்கெல்லாம் ஊர் கூடி, மேளம் கொட்டி, ஆயுசு பூராவுக்கும் ஒரே டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சிலருக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, அடுத்த ஸ்டேஷனுக்குப் புதுசாக வாங்க வேண்டியிருக்கிறது. க்யூவில் முன்னால் நிற்கிற நாம் அவர்களைப் பார்த்து விசில் அடிக்காமலாவது இருக்கலாம்.