வயசுப் பெண்ணுக்கு ஸ்கேனா?

"கல்யாணமாகாத பொண்ணுக்கு ஸ்கேனா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" இந்தப் பேச்சுக்குப் பயந்தே பல அம்மாக்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து அலமாரியில் வைத்து விடுகிறார்கள்.

ஸ்கேன் என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டுமா என்ன? 1958-ல் கிளாஸ்கோவில் டாக்டர் இயான் டொனால்டும் அவருடன் இருந்தவர்களும் இதைப்பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே வயிற்றுக் கட்டிகளைப் பற்றியதுதான். தீராத புற்றுநோய் என்று நினைத்த ஒரு பெண்மணிக்கு இருந்தது வெறும் சினைப்பைக் கட்டி என்று காட்டிக் கொடுத்ததும் இதே ஸ்கேன்தான்.

"உள்ளே ஏதாவது விடுவாங்களாம்மா?" என்று என் பெண் கேட்டாள். கன்னிப் பெண்களுக்கு வயிற்றின் மேலாகத்தான் பார்ப்பார்கள். ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, சின்னக் கருவியை அடிவயிற்றில் நகர்த்துவார்கள். வெறும் ஒலி அலை. எக்ஸ்ரே போல கதிர்வீச்சு கிடையாது. லேடி டாக்டர் வேண்டுமென்றால் முன்னதாகவே கேளுங்கள். நீங்களும் கூடவே இருங்கள்.

ஒரு மணி நேரம் முன்பு நாலைந்து டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். ஸ்கேன் முடியும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்ள வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிடுவதால் கர்ப்பப்பையும் சினைப்பையும் தெளிவாகத் தெரியும். மேல் வயிற்றையும் பார்ப்பதானால் சாப்பிடாமல் வரச் சொல்லலாம், கேட்டுக்கொள்ளுங்கள். மேலே கீழே தனித்தனியான உடை சௌகரியம்.

ரிப்போர்ட்டில் 'நீர்க்கட்டிகள்' என்று இருந்தால் பதறாதீர்கள். இந்த வயதில் சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறையத் தெரிவது சகஜம். பெரியவளாகி 8 வருஷம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவு கட்டக் கூடாது என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அதேபோல, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. "சும்மா நடிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வைத்தியத்தைத் தொடருங்கள்.

எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

* 15 வயதாகியும் பெரியவளாகவில்லை என்றால்.

* உதிரப்போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தால்.

* பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வலித்தால்.

* மாதாமாதம் வலி மட்டும் வந்து, விலக்கு ஆகாமலே இருந்தால். பாதை சவ்வால் அடைபட்டு, உதிரம் உள்ளேயே தங்கியிருக்கலாம்.

அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், கஷாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். தாமதித்தால் அதையே இழக்க நேரும். ராத்திரியானாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.