குப்பையில் கண்டெடுத்த பெயர்

‘குப்பனும் சுப்பனும்’ என்றால் யாரோ எவரோ எனப் பொருள்கொள்வது வழக்கமாகிவிட்டது. வகுப்பில் பிள்ளையின் முழுப்பெயரைப் படிக்கையில், தந்தை பெயராகக் ‘குப்புசாமி’ ஒலித்தால் மாணவர் நகைக்கின்றனர். ஆசிரியரும் சிலவேளை உடன் நகைக்கின்றார். அப்பெயரின் பிறப்பை அறிந்தவர் நகைப்பரோ?

பெற்ற மக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்ட வீட்டில், அடுத்துப் பிறந்த மகவைக் குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டியெடுத்துக் குப்பன், குப்புசாமி, குப்பம்மாள் எனப் பெயரிட்டனர். மதிப்பற்ற பொருளை எமன் விரும்பான் என்பது அன்றைய தாயரின் நம்பிக்கை. பிச்சை என்னும் பெயரும், தெலுங்கரின் பெண்டய்யா என்னும் பெயரும் இவ்வழி வந்தவையே. ஆகவே அப்பெயர் இழிவின் சின்னமன்று; பிள்ளையைச் சாவினின்று மறைக்கத் தாய் போர்த்திய போர்வை.

‘இது மூடநம்பிக்கையன்றோ?’ எனக் கேட்பர். ஆம், மூடநம்பிக்கையே. குப்பைமேடு எக்குழந்தையையும் காத்ததில்லை. மலாயாவில் 1901ஆம் ஆண்டு மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்புநீரை வடியச்செய்து மலேரியாவை ஒடுக்கினார். வடிகாலும் தடுப்பூசியும் மருத்துவமும் பிள்ளைகளைப் பிழைக்கவைத்தன. பிள்ளைகள் பிழைத்ததனால் அப்பெயருக்குத் தேவை குறைந்ததெனின், அது மகிழத்தக்கதே.

ஆனால், நாணத்தால் அதனைத் துறப்பது வேறு. தியாகராசரின் மாணவர் வீணை குப்பையரும், நாவலாசிரியர் ஆரணி குப்புசாமி முதலியாரும், வடமொழிப் பேரறிஞர் குப்புசாமி சாஸ்திரியாரும் அப்பெயரோடுதான் புகழெய்தினர். தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் அழைக்கப்பட்டு, பால்வெட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்களுள்ளும் குப்புசாமிகள் பலர். இன்றோ, எண்கணிதம் பார்த்துப் பொருளற்ற ஓசைகளைக் கோத்துப் பெயரென்று சூட்டுகின்றனர். பொருளில்லாப் பெயரைப் பெருமையாகச் சூடுவோர், பொருள் நிறைந்த பெயரை இகழ்தல் தகுமோ?

இனிப் பிறக்கும் குழந்தைக்குக் குப்புசாமி எனப் பெயரிட வேண்டுவதில்லை. ஆயினும், மலேசியத் தமிழ்ப் பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயரும் பதிவேட்டில் வருகின்றது. அதைக் கேட்டு எழும் நகைப்பு தந்தையைச் சுடும். பிள்ளையைத் தலைகுனியச் செய்யும். பெற்றோர் பெயருக்கு நாணப் பழகிய பிள்ளை, பின்னர் அவர்தம் மொழிக்கும் நாணும்.

ஆகவே, வகுப்பில் அந்நகைப்பு எழும்போது ஆசிரியர் பதிவேட்டைச் சற்றே மூடிவைத்து, அப்பெயர் வந்த வரலாற்றைச் சொல்லட்டும். இரண்டு நிமிடம் போதும். பிள்ளைகள் மீண்டும் சிரிக்கமாட்டார்கள்.