பழி யார் கணக்கில்?
வாரத்துக்கு லட்சக்கணக்கில் பவுண்டு வாங்குபவருக்கு மனவருத்தம் ஒரு சாக்கா? கால்பந்து வீரர் அலெக்சிஸ் சான்செஸ் மான்செஸ்டர் யுனைடெட்டில் சோபிக்காததற்கு அவரே முழுப் பொறுப்பு என்கிறார்கள். ஆர்சனலில் 166 ஆட்டங்களில் 80 கோல் அடித்தவர் இங்கே 45 ஆட்டங்களில் 5 கோலோடு நின்றுபோனதற்குச் சம்பளம் தந்த சோம்பல்தான் காரணம் என்பது சோம்பேறித்தனமான விளக்கம். 2018 ஜனவரியில் அவர் வந்தபோது, அவருக்குப் பழக்கமான இடது ஓரத்தில் ராஷ்ஃபோர்டும் மார்சியாலும் ஏற்கெனவே இருந்தார்கள். போதாததற்கு 2015, 2016, 2017 என மூன்று கோடைகளிலும் சிலி அணிக்காக ஆடி ஓய்வு காணாத, முப்பதை நெருங்கும் கால்கள். இதில் எதுவும் ரகசியமில்லை. அவரை வாங்க முயன்ற மான்செஸ்டர் சிட்டி கணக்குப் பார்த்து விலகிக்கொண்டது. யுனைடெட் வாரி வழங்கியது.

முதல் பயிற்சி முடிந்ததுமே ஆர்சனலுக்குத் திரும்ப வழியுண்டா என்று முகவரிடம் கேட்டதாக அவரே பின்னாளில் சொன்னாரே, மனம் ஒட்டாதது அவர் தவறுதானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆமாம், கையைப் பிடித்து யாரும் கையெழுத்து வாங்கவில்லை. ஆனால் பணத்தால் பயிற்சிக்கு நேரத்துக்கு வரவைக்கலாம், எதிராளியைத் தாண்டும் அந்த நொடித் துணிச்சலை வரவைக்க முடியாது. அதே மனிதரை இன்டர் மிலானில் பயிற்சியாளர் கோன்டே ஓரத்திலிருந்து நகர்த்தி, முன்களத்தில் இருவரில் ஒருவராக ஆடவைத்தார். 2021-இல் அந்த அணி இத்தாலிய லீக் பட்டம் வென்றது.