வில்லன் யார்?

'வில்லன்' என்றதும் எமது மாணவர் நெஞ்சில் தோன்றுபவன் நாடகத்திலும் திரைப்படத்திலும் வரும் கொடியவன். அச்சொல் பிறந்தபோதோ அது கொடியவனைக் குறிக்கவில்லை; ஏர் பிடித்த ஏழையையே குறித்தது. இலத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. பண்ணையைச் சார்ந்து உழைத்தவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு மொழி வழியாக இச்சொல் ஆங்கிலத்துட் புகுந்தது. இங்கிலாந்தை வென்ற நோர்மன் அரசன் வில்லியம் 1086இல் எழுதுவித்த டூம்ஸ்டே ஏட்டிற் பதிவான மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் இப்பெயராலேயே குறிக்கப்பட்டனர்.

இவர்களின் வாழ்வு யாது? பிரபுவின் நிலத்திற் கூலியின்றி உழைக்க வேண்டும். அனுமதியின்றி ஊரை விட்டு அகலலாகாது. மகளுக்கு மணம் முடிப்பதாயின் பிரபுவுக்குப் பணம் இறுக்க வேண்டும். குடியானவன் இறந்தால் அவன் தொழுவத்துச் சிறந்த மாடு பிரபுவைச் சேரும். இவ்வளவும் செய்தவன் மேலோன். இவ்வளவையும் சுமந்தவன் வில்லன்! 1300ஆம் ஆண்டை ஒட்டியே ஆங்கிலத்தில் இச்சொல் ஈனனைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

மொழிநூலார் இதனை 'இழிபொருட்பேறு' என்பர். 'நாற்றம்' என்ற சொல்லை உதாரணங் காட்டி அப்பால் நகர்வர். பழம் அழுகுவதுபோலச் சொல்லும் தானே அழுகிற்றாம்! 'நாற்றம்' இழிந்ததால் எவர் மானமும் போகவில்லை. இங்கே இழிந்தது ஒரு மனிதக் கூட்டத்தின் பெயர்.

எவரும் கூடியிருந்து சதி செய்யவில்லையே எனச் சிலர் கூறுவர். மெய்தான். ஆயினும் ஏவற்சிறுவனைக் குறித்த 'நேவ்' வஞ்சகனாயிற்று. குடியானவனைக் குறித்த 'சேர்ள்' முரடனாயிற்று. மறுபுறம், உயர்குடிப் பிறப்பைக் குறித்த 'ஜென்ரில்' மென்மையாயிற்று, 'நோபிள்' பெருந்தன்மையாயிற்று. சொற்கள் தற்செயலாகவே புரண்டனவெனின், பிரபுவின் பெயர் ஒன்றாயினும் சேற்றில் விழுந்திருக்க வேண்டாமா?

1381இல் இந்த 'வில்லன்'கள் எழுந்தனர். தலைவரி பொறுக்காது கிளர்ந்து, பண்ணை ஏடுகளைத் தீயிலிட்டு, வட் ரைலர் தலைமையில் இலண்டனுட் புகுந்தனர். அவர்களது முதற் கோரிக்கை பண்ணையடிமை முறையை ஒழிக்க வேண்டுமென்பது. யூன் 14ஆம் நாள் மன்னன் இரண்டாம் றிச்சாட் விடுதலைப் பட்டயங்கள் வழங்க இசைந்தான். மறுநாள், மன்னனோடு பேசவந்த இடத்திலேயே ரைலர் வெட்டுண்டான். யூலை 2ஆம் நாள் பட்டயங்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. வாக்குக் கொடுத்துக் கழுத்தறுத்த மன்னனுக்கு அகராதி எப்பெயர் வைத்திருக்கிறது?

இன்று ஆங்கிலேயர் பண்ணையடிமையை ஓரெழுத்து மாற்றியும், கொடியவனை வேறோர் எழுத்திட்டும் எழுதுகின்றனர். உறவு மறைந்தது, பழி நின்றது.

ஆங்கிலத்தை மட்டும் பழித்து நாம் நகர்ந்துவிட முடியாது. 'மேன்மக்கள்', 'கீழ்மக்கள்' என்று பிறப்பையும் குணத்தையும் ஒரே முடிச்சிற் கட்டியவர்கள் நாமுந்தான். 1960களின் தொடக்கத்தில், உழைப்போரின் பேச்சைக் கதையில் எழுதிய ஈழத்து எழுத்தாளரைப் பண்டிதர் சிலர் சாடினரே, அப்போது அவர்கள் கையிலெடுத்த சொல் யாது? 'இழிசனர் வழக்கு.' வகுப்பறையில் இச்சொல்லுக்கு இலக்கணம் கூறும் ஆசிரிய நண்பர்கள், அந்தச் சனத்தை இழித்தவர் யாரென்பதையும் மாணவருக்குக் கூறுவார்களா?